அந்த ஐந்து நிமிடம்: எங்கள் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனையின் முடிவில், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கும் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் நாளுக்கும் நடுவே, அறிவிப்போடு அறிவிப்பாக ஒரு வரி வாசிக்கப்பட்டது. சபையில் ஒருவர் எழுந்து ஐந்து நிமிடம் பேசும் சபையார் தியானம் அடுத்த மாதம் முதல் ஞாயிறிலிருந்து நிறுத்தப்படுகிறது. அந்த நேரத்தில் திரையில் தேவசெய்தி காட்டப்படும். வாசித்த செயலர் தம்பி மூச்சு விடாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஆசீர்வாதத்துக்கு ஆமென் சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

மறுநாள் கமிட்டியில் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். "எழுத்தில் கொடுங்கள் ஐயா, கூட்டத்தில் வைக்கிறோம்" என்றார். தேயிலை ஃபாக்டரியில் 31 வருஷம் வேலை பார்த்தவனுக்கு, எழுத்தில் கொடுத்தது எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் என்று தெரியும். அறிவிப்பு எல்லார் காதிலும் விழுந்தது. என் ஆட்சேபணையும் எல்லார் கண்ணிலும் படட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன். உங்களில் மூன்று பேருக்கு ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தவன் நான். அதில் ஒருவருக்கு இன்றுவரை பத்துக் கற்பனைகளில் ஏழுதான் வரும். அந்த உரிமையில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆலயத்தை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கும் ஒரு தேயிலைச் சரிவில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட சிறிய ஆலயம். ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்களிடம், 1830இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயத்தைக் காட்டி, அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். நம் உத்தரங்கள் இடித்துப்போட்ட ஒரு ஃபாக்டரியின் கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து வந்தவை. மழை நாளில் இன்றும் அவற்றில் லேசாகத் தேயிலை மணக்கும். அப்படியெல்லாம் ஒன்றும் மணக்கவில்லை என்கிறாள் என் மனைவி.

30 சொச்சம் குடும்பங்கள். பாதிக்கு மேல் எங்களைப் போல் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்தானது. அந்த எண்ணுக்குள் அப்பா, அம்மா, தங்கை, நான் என்று நான்கு பேர் இருந்தோம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தபோது எங்களிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் துணிகளுக்கு அடியில் வேதாகமமும் பாமாலையும். அப்பா படித்தது மூன்றாம் வகுப்பு. ஆலயம் கிடையாது. ஆயர் எப்போதாவது வருவார். அவருக்கு வேறு பல சபைகள். உபதேசியார் ஒருவர் இருந்து ஓய்வுபெற்றுப் போனார். லைன் வீட்டுத் திண்ணையில் கூடிய பத்துப் பதினைந்து பேரில் யாராவது ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும். முறை போட்டுப் பேசினார்கள். இந்த வாரம் உன் வீடு, அடுத்த வாரம் அவன் வீடு. ஆள் பஞ்சத்தில் பிறந்த பழக்கம் அது. ஆலயம் கட்டி, ஆயர் மாதம் இரண்டு ஞாயிறு வரத் தொடங்கிய பிறகும் யாருக்கும் அதை விட மனம் வரவில்லை. இரண்டாம் வேதபாடத்துக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் அதற்கென்று ஒதுங்கியது. பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, பிரசங்க பீடத்தில் ஏறாமல் கீழே வேதபாட மேசை அருகே நின்று, ஒரு வசனத்தை வாசித்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு உட்காருவார். அவ்வளவுதான் சபையார் தியானம்.

உங்கள் பக்கத்து நியாயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவற்றில் பொய் ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் என்பது இருபத்தைந்து நிமிடமாகிறது, உண்மைதான். தன் பித்தப்பைக் கல்லைக் கர்த்தர் எடுத்துப்போட்ட சாட்சியை நம் மூத்த சகோதரர் ஒருவர் எந்த வசனம் கொடுத்தாலும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லின் அளவு மில்லிமீட்டர் சுத்தமாக மனப்பாடம். குழாயடிச் சண்டை நடந்த வாரத்தில் ஒரு சகோதரி சங்கீதம் 109ஐ எடுத்து வாசித்துவிட்டு, மூன்றாம் பெஞ்சைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். அந்தச் சங்கீதத்தை அறியாதவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். அது எதிராளிக்கு அர்ச்சனை செய்வதற்கென்றே எழுதியது போல் இருக்கும்.

வேதப் பிழைகள் வருகின்றன என்றீர்கள். வருகின்றன. யோசுவாவின் காலத்தில் சூரியன் நின்ற அந்த ஒரு நாளை நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நம் ஆலயத்தில் ஒருவர் அடித்துச் சொன்னாரே, அந்தப் பெருமை என்னையே சேரும். எங்கோ கைமாறி வந்த ஒரு தாளில் படித்தேன். அழகாக இருந்தது, சொல்லிவிட்டேன். அன்று ஆராதனை முடிந்ததும் அப்போதைய ஆயர் என்னை உள் அறைக்குக் கூப்பிட்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்து, "அண்ணாச்சி, அது யாரோ கட்டிவிட்ட கதை. நாசாவிடமே ஜனங்கள் எழுதிக் கேட்டு, அவர்கள் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. வேதத்துக்கு அந்தச் சாட்சி தேவைப்படவும் இல்லை" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்த முறை வந்தபோது நானே எழுந்து, போன தடவை சொன்னது தவறு என்று சபைக்கு முன்னால் சொன்னேன்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், நாங்கள் பிழை செய்தால் எங்களைக் கூப்பிட்டுத் திருத்த ஒரு உள் அறை இருக்கிறது, ஒரு கெட்டில் இருக்கிறது. திரையில் வருகிற ஊழியர் பிழை செய்தால் யார் கூப்பிடுவது? அவருக்கு நாம் இருப்பதே தெரியாது. அவர் நல்லவராகவே இருக்கட்டும், நன்றாகவே பேசட்டும். பல்லாயிரம் பேருக்காகப் பேசியதை நம் 30 குடும்பத்துக்கும் காட்டுவதில் பாவம் ஒன்றுமில்லை. வீட்டில் கைபேசியில் நானும் கேட்கிறேன். அதற்கு ஆலயத்தில் இருக்கிற ஐந்து நிமிடத்தை ஏன் காலி செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களில் சிலர் அன்று ஆலயத்தில் இருந்தீர்கள். யோவான் 15ஆம் அதிகாரம், திராட்சச்செடி. முறை நம் கவாத்துக்காரருடையது. வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. "வருகிறேன்" என்பதைக்கூடத் தலையசைப்பில் சொல்கிறவர். அவர் மேசையருகே வந்து, செய்தித்தாளில் சுற்றிவைத்திருந்த எதையோ பிரித்தார். கவாத்துக் கத்தி. முன் பெஞ்சுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். வசனத்தை வாசித்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் கத்தியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

திராட்சையைத் தான் கண்டதில்லை, தேயிலையைத்தான் தெரியும் என்று ஆரம்பித்தார். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியை வெட்டாவிட்டால் அது மரமாகப் போய்விடும், கொழுந்து வராது. ஆனால் நினைத்த நேரத்தில் வெட்ட முடியாது. வெட்டுக்கு முன்னால் சில வாரம் கொழுந்து எடுக்காமல் செடியை ஓய விடுவார்கள். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்க வேண்டும். வேரில் இருப்பு இல்லாத செடியை வெட்டினால் அது திரும்பத் துளிர்க்காது, நின்றபடியே காய்ந்துபோகும். சந்தேகம் இருந்தால் வேரில் ஒரு துண்டை நறுக்கி அயோடின் தடவிப் பார்ப்பார்கள். நீலமாகக் கறுத்தால் மாவுச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். வெட்டு சாய்வாக விழ வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தங்கி அழுகும். கத்தி மழுங்கியிருந்தால் கிளை பிளந்துவிடும். "அதனால் வெட்டுகிறவன் செடியைவிடக் கத்தியைத்தான் அதிகம் பார்ப்பான்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. போய் உட்காரப் போகிறார் என்று நினைத்தேன்.

"சில செடியை மொட்டையாக வெட்டக்கூடாது. ஓரத்தில் இரண்டு கிளையை இலையோடு விட்டுவிட்டு வெட்ட வேண்டும். புதுத் துளிர் வருகிறவரை செடி அந்த இரண்டு கிளையில்தான் மூச்சு விடும். எங்கள் பையன் போனபோது, கர்த்தர் என்னை மொட்டையாக வெட்டிவிட்டார் என்றுதான் இருந்தேன். அப்புறம் பார்த்தால் இரண்டு கிளை விட்டிருந்தார். ஒன்று என் வீட்டுக்காரி. இன்னொன்று புதன்கிழமை ஜெபக்கூட்டம்."

கத்தியைத் திரும்பத் தாளில் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதன்பின் ஆயர் ஐயா அதே அதிகாரத்தில் அரை மணி நேரம் பிரசங்கித்தார். அதில் ஒரு வார்த்தை எனக்கு நினைவில்லை. ஐயா மன்னிக்க வேண்டும்.

எல்லா ஞாயிறும் இப்படி அமைவதில்லை. பத்தில் ஏழு சுமார். ஆனால் அந்த மீதி மூன்று வேறெங்கும் கிடைக்காதவை. பேக்கரியில் வர்க்கி போடுகிற தம்பி, புளித்தமாவு உவமையை எடுத்தது இன்னொன்று. நம் ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்து ஊரெல்லாம் பெருமைப்பட்ட சமயம் அது. வர்க்கிக்கு ஈஸ்ட் போடுவதில்லை, மாவா என்று ஒரு புளிப்புக் கூட்டை நாங்களே வளர்த்துச் சேர்க்கிறோம் என்றார். குளிர் கூடினால் அது சோம்பிப்போகும். சாக்கைப் போர்த்தி, விறகு அடுப்பின் சுவரோரம் வைத்து, இரவெல்லாம் காத்திருக்க வேண்டும். நடுவில் திறந்து திறந்து பார்க்கிற புது ஆள் இருந்தால் அன்றைய மாவு கெட்டது. உவமையில் வருகிற பெண் புளிப்பை மாவுக்குள் 'அடக்கி' வைத்தாள் என்றிருக்கிறதே, அந்தச் சொல்லைத் தான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கவனித்ததாகச் சொன்னார். நானும் அறுபது வருஷமாக அந்த வசனத்தை வாசிக்கிறேன். அன்றுதான் கவனித்தேன்.

மேட்டுப்பாளையம் சாலையில் லாரி ஓட்டி ஓய்ந்த நம் டிரைவர் அண்ணன் சொன்னதைக் கமிட்டிக்குத் தனியாகவே நினைவூட்டுகிறேன். மூடுபனியில் விளக்கைத் தூக்கிப் போட்டால் வெளிச்சம் முழுக்க பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைத்தான் குருடாக்கும். தாழ்த்திப் போட்டால்தான் சாலையோரக் கோடு தெரியும். வெளிச்சத்தைக் கூட்டினால் வழி தெரியும் என்று நினைப்பவன் சமவெளி டிரைவர் என்றார். அவர் ஜெபத்தைப் பற்றிச் சொன்னார். எனக்கு இப்போது புரொஜெக்டர் நினைவுக்கு வருகிறது.

இதுவரை எழுதியது கேட்கிறவர்களின் லாபம். நீங்களும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறீர்கள்: கேட்கிறவர்களுக்கு எது தரமாக இருக்கும், சீசனுக்கு வருகிற விருந்தினர் என்ன நினைப்பார்கள், வாலிபர்கள் கொட்டாவி விடாமல் இருப்பார்களா. நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஐந்து நிமிடம் ஞாயிற்றுக்கிழமை நடப்பதில்லை. திங்கட்கிழமை தொடங்குகிறது.

எங்கள் லைன் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் இருக்கிறார். முறை வருகிற வாரம் பேத்தி தினமும் விளக்கு வைத்த பிறகு அவருக்கு அந்த ஒரு வசனத்தை வாசித்துக் காட்ட வேண்டும். பாட்டி கேட்டுக்கொண்டே கீரை ஆய்வார். "அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்" என்பார். பேத்திக்கு எரிச்சல் வரும், திரும்பச் சொல்வாள். வெள்ளிக்கிழமைக்குள் இருவருக்கும் மனப்பாடமாகியிருக்கும். சனிக்கிழமை பாட்டி என்ன பேசுவது என்று பேத்தியிடமே ஒத்திகை பார்ப்பார். ஞாயிறு அவர் எழுந்து இரண்டு நிமிடம் பேசுவது பெரும்பாலும் எங்களுக்குக் காதில் விழாது. மெல்லிய குரல், தகரக் கூரை, மழை. அதனால் என்ன? அந்த வீட்டில் ஒரு வாரம் முழுக்க வேதம் திறந்திருந்தது.

மலையிலும் இதே கதை. என் மனைவி கொழுந்தெடுத்த காலத்தில், செடியின் மேல்மட்டம் பார்க்க மட்டக்கம்பு வைத்துக் கையால் கிள்ளிய காலம் அது, யாருக்கு அந்த வாரம் முறை என்பது நிரை முழுக்கத் தெரிந்திருக்கும். "உனக்கு என்ன வசனம் விழுந்திருக்கிறது?" என்று ஒருத்தி கேட்பாள். சொன்னால், பக்கத்து நிரையில் இருப்பவள் அதற்கு ஒரு அர்த்தம் சொல்வாள், கீழ் நிரையில் ஒருத்தி அது அப்படி இல்லை என்பாள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிற அக்காமார்கூடத் தங்கள் பங்குக்கு ஒன்று சொல்வார்கள். அதில் நல்லதாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சொன்னவர்களும் உண்டு. இப்போது மட்டக்கம்பு போய்க் கத்தரி வந்துவிட்டது. ஓசையில் பேச்சு குறைந்துவிட்டது. ஆனாலும் தேநீர் வேளையில் அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. திரையில் ஓடுகிற செய்திக்காக யாரும் யாரையும் திங்கட்கிழமை எதுவும் கேட்கப்போவதில்லை.

மரபு, ஒழுங்கு என்றும் ஒரு வார்த்தை அடிபட்டது. ஆராதனை ஒழுங்கில் இப்படி ஒன்று இல்லை என்கிறார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பல ஓடைகள் வந்து சேர்ந்தன. ஆங்கிலிக்கன் சபையார் பேராயர்களையும் ஜெபப் புத்தக ஒழுங்கையும் கொண்டுவந்தார்கள் என்றால், மெதடிஸ்டுகள் கொண்டுவந்த சீதனங்களில் ஒன்று, பட்டம் பெறாத, அங்கி போடாத சாதாரண ஆளைப் பிரசங்கிக்க நிறுத்துகிற வழக்கம். சுரங்கத்தில் கரி வெட்டியவர்களும் அவர்களில் பிரசங்கிகளாக இருந்திருக்கிறார்கள். கரி வெட்டியவர் பேசலாம் என்றால் கவாத்து வெட்டுபவர் பேசக்கூடாதா?

எண்ணிக்கைக் கணக்குக்கும் நம் மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் ஊழியர்கள் ஊட்டிக்கு அருகே கேத்தியில் வேலையைத் தொடங்கியது 1846இல். இந்த மலையில் வாழும் படுகர் சமூகத்தில் முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். 12 வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், ஊர் ஊராக நடந்தார்கள், கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. நம் கமிட்டி அன்று இருந்திருந்தால் மூன்றாம் வருஷமே தீர்மானம் போட்டு மூடியிருக்கும். அந்த நூற்றாண்டிலேயே லூக்கா சுவிசேஷம் படுக மொழியில் அச்சாகியும்விட்டது. பேச்சில் மட்டும் இருந்த ஒரு மொழியை, நாலைந்து பள்ளத்தாக்குக்காரர்கள் பேசுகிற மொழிதானே என்று அவர்கள் ஒதுக்கவில்லை. இதை இங்கே சொல்லக் காரணம், நம் சபையின் படுக அம்மா தன் முறையில் படுக மொழியிலேயே ஜெபிப்பது "புதிதாக வருகிறவர்களுக்குப் புரியவில்லை" என்று ஒரு குறை வந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் பாதிதான் புரிகிறது. அவர் என்னிடம் பேசவில்லையே.

திரையையும் புரொஜெக்டரையும் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்ந்த பணத்தில் வாங்கியது அது. என் வீட்டு மேரக்காய் ஒன்றை ஒருவர் ஏலம் எடுத்து, திரும்ப மேசையிலேயே வைத்து, இன்னொருவர் எடுத்து, அது மூன்று முறை விலை போனதை மறந்துவிட வேண்டாம். அந்த மிஷினில் எனக்கும் ஒரு திருகாணி சொந்தம். கீர்த்தனை வரிகளைப் பெரிய எழுத்தில் அதில் போடுங்கள். பாமாலையின் பொடி எழுத்து எனக்கும் என் வயதுக்காரர்களுக்கும் தெரிவதில்லை. நாங்கள் பாதிப் பாட்டு வாயசைக்கிறோம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எருசலேமின் படத்தைக் காட்டுங்கள். மின்சாரம் இருக்கிற ஞாயிறுகளில் இதெல்லாம் நடக்கும். 2009 நவம்பரில் மலை சரிந்து சாலைகள் அறுந்துபோன நாட்களில் நம் ஆலயத்தில் இருந்த வெளிச்சம் எட்டு மெழுகுவர்த்தி. அந்த ஞாயிறு முறை வந்தவர் பேச எழுந்து, பேச முடியாமல் அழுதுவிட்டு உட்கார்ந்தார். அதைப் பற்றி இன்றுவரை யாரும் தரம் குறைந்துவிட்டது என்று சொன்னதில்லை.

நேரம் மீறுவதற்கு வழி இருக்கிறது. உள் அறை அலமாரியில் பழைய கைமணி ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. ஐந்தாம் நிமிடம் ஒரு தட்டு. ஆறாம் நிமிடம் பாடகர் குழு எழுந்து அடுத்த கீர்த்தனையைத் தொடங்கட்டும். பித்தப்பைச் சகோதரரிடம் நானே பேசிக்கொள்கிறேன். வேதப் பிழைக்கும் வழி இருக்கிறது. முறை வருகிறவரோடு ஆயர் ஐயா வியாழன் அல்லது வெள்ளி மாலை ஒரு அரை மணி நேரம் உட்காரட்டும். ஐயா வர முடியாத வாரம் தொலைபேசியில் பேசட்டும். என்ன பேசலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். வசனத்தைச் சேர்ந்து வாசித்தால் போதும். சங்கீதம் 109 எடுப்பதாக இருந்தால் அதற்கு மட்டும் கமிட்டியின் முன் அனுமதி வாங்கச் சொல்லலாம். வாட்ஸ்அப் குழுவில் இனி நிர்வாகிகள் மட்டுமே காலைத் தியானம் போடலாம் என்று வந்திருக்கிற மாற்றத்தைப் பற்றி எனக்குப் பெரிய வழக்கில்லை. சூரியோதயப் படத்தில் வசனம் எழுதி ஒரே காலையில் பதினான்கு பேர் போடுவது எனக்கும் அலுப்புத்தான். தண்ணீர்த் தொட்டிப் பாறையில் ஏறி நின்றால்தான் எனக்கு அது வந்து சேருகிறது என்பது வேறு விஷயம்.

ஆக நான் கேட்பது ஒன்றுதான். வெட்டுவதென்றால் வெட்டுங்கள், நம் ஆராதனை நீண்டு மரமாகிவிட்டது என்று எனக்கும் தெரியும். அறிவிப்புகளை வெட்டுங்கள், நன்றியுரைகளை வெட்டுங்கள், சந்தா பாக்கி வைத்தவர்களின் பட்டியலை வாசிப்பதை வெட்டுங்கள். அந்த ஐந்து நிமிடத்தையும் புதன்கிழமைக் கூட்டத்தையும் ஓரத்தில் விட்டுவையுங்கள்.

கடைசியாக ஒரு அவசர விஷயம். முறைப்பட்டியல் இன்னும் உள் அறைக் கதவில்தான் தொங்குகிறது; யாரும் அதைக் கழற்றவில்லை. அதன்படி அடுத்த மாதம் முதல் ஞாயிறு, நீங்கள் திரையைத் தொடங்கப்போகிற அதே ஞாயிறு, முறை ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கிற அந்தப் பெண்ணுடையது. கணவனும் மனைவியுமாகப் போன வருஷம்தான் இந்த எஸ்டேட்டுக்கு வந்தார்கள். அவருக்கு இதுதான் முதல் முறை. செவ்வாய்க்கிழமை தேநீர் வேளையில் பார்த்தேன். மடியில் ஒரு பள்ளி நோட்டு. என் மனைவி ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அந்தத் தமிழை அவர் இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். சங்கீதம் 121. பர்வதங்கள் என்ற சொல் அவருக்கு எளிதாக வந்துவிட்டது. அவர்கள் பக்கமும் அதே சொல்தானாம். 'ஒத்தாசை'தான் நாக்கில் நிற்காமல் வழுக்கியது. மூன்று முறை அடித்து எழுதினார்.

போன ஞாயிறு அவரும் ஆலயத்தில் இருந்தார். ஆனால் அறிவிப்புத் தமிழ் அவருக்குப் புரிந்திருக்கவில்லை. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். அவரிடம் விஷயத்தை யார் சொல்வது என்பதைக் கமிட்டி முடிவு செய்து எனக்குத் தெரிவிக்க வேண்டும். நானும் என் மனைவியும் சொல்லப்போவதில்லை.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
இடதுபுறம் நான்காம் பெஞ்சு, ஜன்னலோரம்